இண்டஸ்ட்ரியல் இசை எங்கே பிறந்தது: ஆலையிலா, அஞ்சலிலா?

ஒலிச்சுருள் எழுதியது:

இண்டஸ்ட்ரியல் இசை என்று பேச்செடுத்தாலே, 1970களில் பிரிட்டனின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அந்த இயந்திரங்களின் இரைச்சலை இளைஞர்கள் மேடையேற்றினார்கள் என்ற விளக்கம் உடனே வந்து விழுகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்த விளக்கம், அந்த இசைக்குப் பெயர் சூட்டிய நால்வரின் செயல்களோடு ஒட்டவில்லை என்பது என் கருத்து. அதை விரிவாக எழுதவே இந்த இழையைத் தொடங்குகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

அந்த நால்வர் த்ராபிங் கிரிஸில் குழுவினர்: ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜ், கோசி ஃபானி டூட்டி, பீட்டர் கிறிஸ்டோஃபர்சன், கிறிஸ் கார்ட்டர். ஜெனிசிஸும் கோசியும் ஹல் நகரில் 1969இல் உருவான கூம் டிரான்ஸ்மிஷன்ஸ் என்ற நிகழ்த்துகலைக் குழுவிலிருந்து வந்தவர்கள். கிறிஸ்டோஃபர்சன், பிங்க் ஃபிளாய்ட் முதலியோருக்கு இசைத்தட்டு உறைகளை வடிவமைத்த ஹிப்னாசிஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். கார்ட்டர் மின்னணுக் கருவிகளைத் தாமே கட்டிக்கொள்பவர். ஆலைக்கூலியை விட்டுவிட்டு இசைக்கு வந்தவர் என்று இவர்களில் எவரையும் சொல்ல முடியாது. 1975இல் குழு உருவானபோது அவர்களுக்கு வாய்த்த இடம் கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில், மார்டெல்லோ தெருவிலிருந்த ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தின் அடித்தளம். அதற்கு ‘மரண ஆலை’ என்று பெயர் வைத்தார்கள்.

1976 அக்டோபரில், லண்டனின் சமகாலக் கலைக் கழகமான ஐ.சி.ஏ.வில் அவர்கள் நடத்திய கண்காட்சிதான் குழுவை வெளியுலகுக்குக் காட்டியது. கோசி ஆபாச இதழ்களுக்கு மாடலாக நின்ற பக்கங்களைத் தம் படைப்பாகவே முன்வைத்தார். அவை கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டும்படி வைக்கப்பட்டிருந்தன. அரசுப் பணம் பெறும் அரங்கில் இப்படியொரு காட்சியா என்று நாளிதழ்கள் கொதித்தன. கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் நிக்கோலஸ் ஃபேர்பர்ன் இவர்களை ‘நாகரிகத்தைச் சிதைப்பவர்கள்’ என்று சாடினார். அதன்பின் குழு செய்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தங்களைத் திட்டி வந்த செய்தித்தாள் துணுக்குகளை வெட்டியெடுத்து, நாளுக்கு நாள் அதே கண்காட்சியில் மாட்டிக்கொண்டே வந்தார்கள். செய்தித்தாள் எப்படி ஒரு சீற்றத்தை உற்பத்தி செய்கிறது, அது எப்படி வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது என்பதே அவர்களுடைய மூலப்பொருளாகிவிட்டது.

அவர்கள் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ். ‘தொழில்துறை மக்களுக்கான தொழில்துறை இசை’ என்ற அதன் முழக்கத்தை அளித்தவர் சான் ஃபிரான்சிஸ்கோ கலைஞரான மான்டி கசாஸா. 1977 நவம்பரில் வந்த முதல் இசைத்தட்டின் தலைப்பு ‘இரண்டாம் ஆண்டறிக்கை’. பங்குதாரர்களுக்குப் போகும் அலுவலகக் கோப்பைப் போன்ற வெற்று வெள்ளை உறை. அச்சிட்டது 785 படிகள். பெரிய நிறுவனம் ஒன்றின் வாசலில் ஒப்பந்தத்துக்காகக் காத்து நிற்காமல், பதிவு செய்வது, உறை தயாரிப்பது, செய்திமடல் எழுதுவது, உறையில் முகவரி எழுதி அஞ்சலில் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள். நேரடி நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து, 24 கேசட்டுகளை ஒரே பெட்டியில் அடுக்கியும் விற்றார்கள்.

ஆகவே என் வாதம் இதுதான். அவர்கள் ஆலையிலிருந்து எடுத்துக்கொண்டது உற்பத்தி, கட்டுப்பாடு, விநியோகம் ஆகியவற்றைப் பற்றிய சிந்தனையை. இரைச்சல் அதன் பின்னால் வந்தது.


இரும்புச்செவி எழுதியது:

ஒலிச்சுருள் அவர்களே, நீங்கள் லண்டனிலிருந்து கதையைத் தொடங்குவதால்தான் ஆலை உங்கள் கண்ணில் படவில்லை. வடக்கே ஷெஃபீல்டுக்குப் போய்ப் பாருங்கள்.

த்ராபிங் கிரிஸில் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1973இல், அந்த எஃகு நகரில் கிறிஸ் வாட்சன், ரிச்சர்ட் கிர்க், ஸ்டீபன் மாலிண்டர் என்ற மூவர் கேபரே வால்டேர் குழுவைத் தொடங்கினார்கள். பெயர், 1916இல் ஜூரிச்சில், மரபுக் கலையை மறுத்த தாதாயியக் கலைஞர்கள் நடத்திய விடுதியின் பெயர். வாட்சன் தொலைபேசித் துறையில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். அவருடைய வீட்டு மாடியறையில்தான் மூவரும் ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டி வளையங்களாக்கினார்கள்; ஒலிநாடாவின் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிவிட்டால், அதில் பதிந்த ஓசை நிறுத்தும் வரை திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டே இருக்கும். 1975 மே மாதம் அவர்கள் முதன்முறையாக மேடையேறியபோது, டிரம்முக்குப் பதிலாக ஒலித்தது நீராவிச் சம்மட்டி ஒன்றின் அடியைப் பதிந்த அத்தகைய நாடா வளையம். ராக் இசையை எதிர்பார்த்து வந்திருந்த கூட்டம் பொறுமையிழந்து மேடையில் ஏறியது, கைகலப்பில் மாலிண்டர் காயமடைந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

நீராவிச் சம்மட்டி என்பதை யாரும் ஏதோவொரு கலைத் தத்துவத்திலிருந்து எடுத்துவர வேண்டிய தேவை அந்நகரில் இல்லை. பட்டறைச் சம்மட்டிகளின் அடி இரவிலும் கேட்கும் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு, அந்தத் தாளம் காதில் ஏற்கெனவே குடியிருந்தது. இதை ‘உற்பத்தியைப் பற்றிய சிந்தனை’ என்று மாற்றிச் சொல்வது, கேட்ட காதை மறந்துவிட்டு எழுதிய அறிக்கையை மட்டும் படிப்பதாகும்.

மேலும், ஆலை ஓசையை இசையாக்கும் ஆசை 1970களில் திடீரென முளைத்ததும் அன்று. இத்தாலியரான லூயிஜி ருசோலோ 1913இலேயே இரைச்சல்களின் கலை குறித்து அறிக்கை எழுதி, அதற்கென்று பெட்டி பெட்டியாகக் கருவிகளைச் செய்தார். 1922 நவம்பர் 7 அன்று பாகு நகரில் ஆர்செனி அவ்ராமோவ் நடத்திய ‘சங்கொலிகளின் சிம்பொனி’யில் ஆலைச் சங்குகள், காஸ்பியன் கடற்படைக் கப்பல்களின் ஊதல்கள், பீரங்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள் எல்லாம் வாத்தியங்களாயின. உயரமான மேடையொன்றிலிருந்து கொடிகளை அசைத்து ஒரு நகரத்தையே அவர் நடத்தினார். 1948இல் பாரிஸில் பியேர் ஷெஃபர் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பதிந்த எஞ்சின் ஓசைகளை வெட்டிச் சேர்த்துப் படைப்பாக்கினார். கேபரே வால்டேர் இந்த மரபில் வந்தவர்கள். உங்கள் நால்வர் பெயர் சூட்டினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் வைத்தவரைப் பெற்றவராக ஆக்கிவிட முடியாது.


புதுக்காது எழுதியது:

இருவருக்கும் வணக்கம். இந்த இசையை நான் இதுவரை கேட்டதில்லை. நீங்கள் இருவரும் சொல்வதிலிருந்து இசைக்குழு என்றால் எனக்குத் தெரிந்த கிதார், டிரம், பாடகர் என்ற அமைப்பு இதில் இல்லை என்று தெரிகிறது. அப்படியானால் மேடையில் என்னதான் வாசித்தார்கள்? பாட்டு என்று சொல்லத்தக்க ஏதாவது உண்டா? ஒரே ஒரு எடுத்துக்காட்டையாவது விளக்கிச் சொன்னால் மேற்கொண்டு உங்கள் விவாதத்தைப் பின்தொடர எளிதாக இருக்கும்.


ஒலிச்சுருள் எழுதியது:

புதுக்காது அவர்களுக்கு: கிதார் உண்டு, ஆனால் கோசி அதைப் பண்ணோ சுருதியோ கருதாமல் தேய்த்தும் அறைந்தும் ஒலியெழுப்பப் பயன்படுத்தினார், கார்னெட் எனும் ஊதுகருவியையும் வாசித்தார். ஜெனிசிஸ் பேஸ் கிதாரும் வயலினும் வாசித்துக் குரல் கொடுத்தார். கார்ட்டரிடம் மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்கள். கிறிஸ்டோஃபர்சன், பல கேசட் நாடாக்களின் ஒலியை ஒரு விசைப்பலகையின் மூலம் இயக்கும் கருவியை உருவாக்கி வைத்திருந்தார். சாம்ப்ளர் என்ற கருவி சந்தையில் எளிதில் கிடைக்காத காலத்தில், தெருவில் பதிந்த பேச்சையும் தொலைக்காட்சிக் குரலையும் விரலால் அழுத்தி ஒலிக்கச் செய்ய அவருக்கு அது உதவியது.

இவர்கள் எல்லோருடைய ஒலியும் ‘கிரிஸிலைசர்’ என்ற சிறு பெட்டியின் வழியாகப் போனது. பொழுதுபோக்கு மின்னணுவியலருக்கான ‘பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் வந்த கிதார் விளைவுக் கருவியின் சுற்றுப்படம் ஒன்றை அடிப்படையாக வைத்துக் கார்ட்டர் அதைக் கட்டினார். உள்ளே போகும் எந்த ஒலியையும் அது துண்டு துண்டாக நறுக்கி, நடுங்கவும் மூழ்கவும் வைக்கும்.

எடுத்துக்காட்டாக, 1978இல் வெளிவந்த ‘ஹாம்பர்கர் லேடி’யைச் சொல்கிறேன். தாளம் என்று சொல்வதற்கு ஒரு மந்தமான துடிப்பு மட்டுமே இருக்கும், நோயாளியின் அருகில் வைக்கப்பட்ட கருவி இயங்குவதுபோல. அதன் மேல் ஏறி இறங்கும் ஊளை ஒன்று தூரத்து ஆம்புலன்ஸ் போலத் தோன்றும், ஆனால் எப்போதும் வந்து சேராது. ஜெனிசிஸின் குரல் பெட்டியின் வழியாக நசுங்கி வருவதால் பாதிச் சொற்கள் புரியாது. இடுப்புக்கு மேல் முழுவதும் தீயில் வெந்துபோன ஒரு பெண்ணையும், அவரைக் கவனிக்கும் மருத்துவமனை ஊழியர்களையும் பற்றிய விவரம் அது. எந்தச் சொல்லும் அழுத்திச் சொல்லப்படுவதில்லை, குறிப்பேட்டைப் படிப்பதுபோல் போய்க்கொண்டே இருக்கும். நான்கு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான இந்தப் பதிவைக் கேட்டபின் நெடுநேரம் வேறெதையும் கேட்க என்னால் முடிந்ததில்லை.

இரும்புச்செவி அவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. அந்த வரிகள் ஆல் அக்கர்மன் என்ற அமெரிக்கர் எழுதிய கடிதத்திலிருந்து வந்தவை. அவர் அஞ்சல் கலையில் ஈடுபட்டவர்; அதாவது அருங்காட்சியகத்துக்கும் விற்பனைக் கூடத்துக்கும் போகாமல், படைப்பைத் தபால் உறைக்குள் வைத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட வலைப்பின்னலைச் சேர்ந்தவர். ஜெனிசிஸும் அதே வலைப்பின்னலில் இருந்தவர்தான். அஞ்சலட்டைகளில் அவர் ஒட்டி அனுப்பிய படங்கள் ஆபாசமானவை என்று 1976இல் நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. இந்தக் குழுவின் மிகச் சிறந்த படைப்பாக நான் கருதும் பதிவு தபால்காரர் கொண்டுவந்து சேர்த்தது. எந்தச் சம்மட்டியும் அதில் இல்லை.

ருசோலோவும் அவ்ராமோவும் முன்னோடிகள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாடாவை வெட்டி ஒட்டும் உத்தியை இவர்கள் இருசாராரும் யாரிடமிருந்து பெற்றார்கள் என்று பாருங்கள்: அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸும் அவருடைய ஓவிய நண்பர் பிரையன் கைசினும் எழுத்தில் செய்துகாட்டிய வெட்டிச் சேர்க்கும் முறையிலிருந்து. பரோஸ் பதிந்து வைத்திருந்த நாடாக்களை 1981இல் இசைத்தட்டாக வெளியிட்டதும் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்தான். சொற்களின் வரிசையைக் குலைத்தால் சொல்லுக்குப் பின்னாலிருக்கும் அதிகாரம் வெளிப்படும் என்பது பரோஸின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் இங்கே ஒலியாகியிருக்கிறது.


தாழ்குரல் எழுதியது:

அதிகாரத்தை வெளிப்படுத்துவது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸின் சின்னத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். முதல் பதிவில் நீங்கள் அதைத் தொடாமல் போனது எனக்கு உறுத்துகிறது.

புகைபோக்கியோடு கூடிய ஒரு தாழ்ந்த கட்டடத்தின் கறுப்பு வெள்ளை நிழற்படம் அது. தெரியாதவர் பார்த்தால் ஏதோ ஒரு நகரத்தின் சிறிய ஆலை என்று நினைத்துக் கடந்துவிடுவார். அது ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் பிண எரிகூடம். 1978இல் வந்த அவர்களுடைய முதல் சிறு தட்டின் ஒரு பக்கத்தில் ‘யுனைட்டட்’ என்ற இனிய காதல் மெட்டு. மறுபக்கத்துப் பாடலின் பெயரில் நச்சுக்கூடங்களில் பயன்படுத்திய வாயுவின் பெயர். இவை எல்லாம் ஆராய்ச்சி, அதிர்ச்சி, கேள்வி எழுப்புதல் என்ற விளக்கங்களை நானும் படித்திருக்கிறேன். அந்த விளக்கங்கள் இசைத்தட்டின் உறையில் இல்லை. உறையில் இருப்பது படம் மட்டும். எரிகூடத்தில் உறவினரை இழந்த ஒருவர் கடையில் அந்தத் தட்டைக் கையிலெடுக்கும் கணத்தை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா?

அந்த வாசலைத் திறந்துவிட்டதன் விளைவு இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 1980இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹவுஸ் போன்ற குழுக்கள் வதைமுகாம்களின் பெயர்களையும் கொலைகாரர்களின் பெயர்களையும் ஆராய்ச்சி என்ற பாவனைகூட இல்லாமல் தலைப்புகளாக்கின. செவியைக் கிழிக்கும் சிந்தசைசர் கூச்சலும் வசைக்கூச்சலும் சேர்ந்த அந்தப் பிரிவுக்குப் ‘பவர் எலக்ட்ரானிக்ஸ்’ என்று பெயர் வந்தது. அடுத்து வந்த கேசட் உறைகளில் இதே படங்களை ஒருவர் பார்த்து ஒருவர் ஒட்டினார்கள். பத்தாவது ஆள் ஒட்டும்போது அதில் கேள்வி எதுவும் மிஞ்சவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டுப்பாட்டை எதிர்த்த குழு என்று இவர்களைப் போற்றுகிறோம். கோசி 2017இல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஜெனிசிஸ் தம்மை அடக்கி ஆண்டதையும் உடல்ரீதியாகத் தாக்கியதையும் விரிவாக எழுதியிருக்கிறார். ஜெனிசிஸ் அதை மறுத்தார், 2020இல் காலமானார். இருவரில் யார் சொன்னது சரி என்று தீர்ப்பெழுத நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்நூல் வரும் வரை நாற்பது ஆண்டுகள் இந்தக் குழுவின் வரலாறு பெரும்பாலும் ஜெனிசிஸின் பேட்டிகளின் வழியாகவே எழுதப்பட்டது. தகவலைக் கட்டுப்படுத்துவது யார் என்று கேட்ட இயக்கத்தின் கதையே ஒருவர் கையில் இருந்திருக்கிறது என்றால், அதை இழையின் நடுவில் வைத்துப் பேசாமல் எப்படி?


ஒலிச்சுருள் எழுதியது:

தாழ்குரல் அவர்கள் எழுப்பியிருப்பது இந்த இசையை நேசிக்கும் எவரும் தாண்டிப் போகக் கூடாத கேள்வி. என் நிலைப்பாட்டை நேராகச் சொல்கிறேன்.

அந்தச் சின்னம் தற்செயலாகவோ கேளிக்கைக்காகவோ தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நான் கருதவில்லை. கால அட்டவணை, கணக்கேடு, ரயில் போக்குவரத்து, பிரிவுவாரி வேலை என்று ஆலையின் ஒழுங்கு அனைத்தையும் கொண்டு மனிதரை அழித்த இடம் அது. தொழில்மயமான சமூகத்தின் கடைசி எல்லை இதுதான் என்பதைச் சுட்ட அதைவிட நேரடியான படம் இல்லை. அந்தக் கட்டடம் சாதாரண ஆலையைப்போல் தோன்றுகிறது என்பதில்தான் அதன் அச்சம் இருக்கிறது. படத்தை வைத்தவர்களின் நோக்கம் இது என்றே நம்புகிறேன்.

ஆனால் விளக்கம் உறையில் இல்லை என்று நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுமொழி கிடையாது. வைட்ஹவுஸின் தலைப்புகளை நான் எந்த வகையிலும் ஆதரிக்க மாட்டேன். என் அலமாரியில் அவர்களுடைய தட்டு ஒன்றும் இல்லை.

கோசியின் நூலைப் பொறுத்தவரை, இந்த இசையைப் பற்றி ஒரே ஒரு நூலைப் படிக்க நேரமுள்ளவருக்கும் அதைத்தான் பரிந்துரைப்பேன். வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் கணக்குப் பார்த்தபடி இதெல்லாம் நடந்தது என்பதை அந்நூல் அளவுக்கு உணர்த்தும் வேறொன்றை நான் படித்ததில்லை. ஆபாச இதழ்களுக்காக அவர் நின்றது கலைக்கான ஆய்வு மட்டுமல்லாமல் ஊதியம் தரும் வேலையும்தான். அந்தக் குழுவில் தம் உழைப்பையும் உடலையுமே நேரடியாகச் சந்தையில் வைத்தவர் அவர்.


வடதிசை எழுதியது:

ஆலையா அஞ்சலா என்ற கேள்வியே பிரிட்டனுக்குள் அடைபட்ட கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. மேற்கு பெர்லினில் விடை இரண்டுமல்ல. அங்கே அது கட்டுமானத் தளம்.

ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பௌட்டன் என்ற குழு 1980 ஏப்ரல் 1 அன்று அந்நகரின் மூன் என்ற விடுதியில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இடிந்து விழும் புதுக் கட்டடங்கள் என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மே 21 அன்று அந்நகரின் நவீனக் கட்டடக்கலைக்கு அடையாளமாக நின்ற காங்கிரஸ் மண்டபத்தின் கூரை உண்மையாகவே சரிந்து விழுந்தது. குழுவின் தாளக் கலைஞர் என்.யு. உன்ரூ பணமில்லாமல் தம் டிரம் தொகுதியை விற்றுவிட்டவர். அதனால் இரும்புத் தகடுகள், சுருள்வில்கள், குழாய்கள், கட்டுமானத் தளங்களில் கிடைத்த உலோகத் துண்டுகள் ஆகியவற்றை அடித்துத் தாளம் போட்டார். வறுமை தந்த வாத்தியம் அது, தத்துவம் பிறகு வந்தது.

1980 ஜூன் மாதம் உன்ரூவும் பாடகர் பிளிக்ஸா பார்கெல்டும் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்குள் புகுந்து, பாலத்தின் இரும்புச் சுவர்களையே அடித்துக் கேசட்டில் பதிந்தார்கள். தலைக்கு மேல் கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருவர் பாலத்தையே பறையாக்குகிறார்கள். ‘எஃகு இசை’ என்ற பெயரில் வந்த அந்தப் பதிவைக் கேட்டால், எதிரொலியைத் தவிர வேறு அலங்காரம் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எந்தக் கருவியாலும் செய்ய முடியாத எதிரொலி அது.

பிறகு 1984 ஜனவரி 3 அன்று, ஒலிச்சுருள் குறிப்பிட்ட அதே ஐ.சி.ஏ. அரங்கில், குழுவைச் சேர்ந்தவர்களும் நண்பர்கள் சிலரும் ‘குரலுக்கும் இயந்திரங்களுக்குமான கான்செர்ட்டோ’ என்றொரு நிகழ்ச்சியை நடத்தினார்கள். சிமென்ட் கலவை இயந்திரங்கள், துளைப்பான்கள், மின்வாள்கள். மேடையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்க முயன்றபோது நிர்வாகம் இடையிலேயே நிகழ்ச்சியை நிறுத்தியது. கூட்டத்தினர் இயந்திரங்களைத் தாங்களே பிடித்து இழுத்துக்கொண்டு சண்டையிட்டார்கள்.

சிட்னியில் இன்னொரு வாசல். 1978இல் எஸ்.பி.கே. குழுவைத் தொடங்கிய கிரேம் ரெவெலும் நீல் ஹில்லும் மனநல மருத்துவமனையில் பணிபுரிந்தபோது சந்தித்தவர்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் மனநோயாளிகளும் ஒரு மருத்துவரும் சேர்ந்து நடத்திய ‘சோஷலிச நோயாளிகள் கூட்டமைப்பு’ என்ற தீவிர அமைப்பின் பெயரெழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இரைச்சலின் ஊற்று மருத்துவமனைக் கூடம். ஆலையோ அலுவலகமோ அன்று. ரெவெல் பின்னாளில் ஹாலிவுட் படங்களுக்கு இசையமைப்பாளரானார் என்பதைப் படிக்கும்போது பலரும் வியக்கிறார்கள்; பயத்தை ஒலியில் கட்டத் தெரிந்தவருக்குத் திரைப்படம் அப்படியொன்றும் தொலைவானது அல்ல.

யூகோஸ்லாவியாவில் நடந்தது இவை எல்லாவற்றிலும் துணிச்சலானது. ஸ்லோவேனியாவின் டிர்போவ்ல்யே என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1980 ஜூன் மாதம் தொடங்கிய குழு, லுப்லியானா நகரின் ஜெர்மன் பெயரான லைபாக் என்பதைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. நாஜி ஆக்கிரமிப்பின் நினைவு மறையாத நாட்டில் அந்தப் பெயரே ஒரு காயத்தைக் கிளறியது. 1983இல் தொலைக்காட்சியில் சீருடை அணிந்து, உணர்ச்சியே காட்டாத முகத்தோடு, எழுதி வைத்த அறிக்கைகளை விடையாகப் படித்தார்கள். பேட்டி கண்டவர் இவர்களைத் தடுத்து நிறுத்த யாருமில்லையா என்று பார்வையாளர்களிடம் முறையிடும் நிலை ஏற்பட்டது; அந்தப் பெயரில் லுப்லியானாவில் நிகழ்ச்சி நடத்த 1987 வரை தடை இருந்தது. தாழ்குரல் கேட்ட கேள்விக்கு இவர்களிடம் கூடுதலான மறுமொழி இருக்கிறது என்று நினைக்கிறேன். லண்டன் குழுவினரைப் பத்திரிகை திட்டியது. இவர்கள் அரசின் மொழியை அந்த அரசுக்கு எதிரிலேயே நின்று பேசி, அதற்கான விலையையும் கொடுத்தார்கள்.


இரும்புச்செவி எழுதியது:

வடதிசை அவர்களின் பதிவுக்கு மனமார்ந்த நன்றி. பாலத்துக்குள் பதிந்த அந்த நாடாவை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஆலையோடு இந்த இசைக்கு நேரடி உறவில்லை என்ற வாதத்துக்கு எதிராக டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழுவையும் முன்வைக்கிறேன். 1981இல் தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸ் பகுதியில் தொடங்கிய இவர்கள், பழைய இரும்புக் கிடங்குகளிலிருந்து பொறுக்கிய உருளைகளையும் தகடுகளையும் அணிவகுத்து அடித்தார்கள். 1984 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, இரும்பை அடிப்பதோடு நின்றுவிடாமல் வேல்ஸ் பள்ளத்தாக்குகளுக்கே போனார்கள். தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பாடகர் குழுவோடு மேடையேறி, 1985இல் அவர்களோடு சேர்ந்து ஒரு இசைத்தட்டையும் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேவாலயத்திலும் தொழிற்சங்கக் கூடத்திலும் ஒலித்த ஆண்களின் கூட்டுக் குரலும், ஆக்ஸிஜன் உருளைகளின் மீது விழும் சம்மட்டி அடியும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வருகின்றன. ஓராண்டு நீடித்த அந்த வேலைநிறுத்தம் தோற்றது, சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆலையின் முடிவை இந்த இசை தூரத்தில் நின்று வருணிக்கவில்லை, அங்கே போய்ப் பக்கத்தில் நின்றது.


ஒலிச்சுருள் எழுதியது:

டெஸ்ட் டிபார்ட்மென்ட் மீது எனக்கும் மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அவர்கள் வந்தது 1981இல். அதே ஆண்டு மே 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைசி நிகழ்ச்சியை நடத்திவிட்டு த்ராபிங் கிரிஸில் கலைந்தது. ‘பணி முடிந்தது’ என்று அஞ்சலட்டை அடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். நாம் பேசுவது தோற்றத்தைப் பற்றியென்றால், பின்னால் வந்தவர்களின் ஈடுபாட்டை முன்னால் இருந்தவர்களின் காரணமாக ஆக்க முடியாது.

என் வாதத்துக்கு ஒரு சான்றையும் சேர்க்கிறேன். 1983இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ரீ/சர்ச் பதிப்பகம் இந்தக் கலாசாரத்துக்கென்று ஒரு கையேட்டை வெளியிட்டது. அதன் முன்னுரையில் இசை எழுத்தாளர் ஜான் சாவேஜ் இந்த இசையின் ஐந்து கூறுகளை வரிசைப்படுத்துகிறார். முதலாவது, அமைப்பு முறையில் தன்னாட்சி. இரண்டாவது, தகவலை அடையும் உரிமை. சிந்தசைசரும் இசை-மறுப்பும் மூன்றாம் இடத்தில்தான் வருகின்றன. இசைக்கு வெளியே உள்ள கலைகளும் அதிர்ச்சி உத்தியும் அதற்குப் பிறகு. கையேட்டின் பக்கங்களைப் புரட்டினால், பேட்டிகளோடு சேர்த்து ஒவ்வொருவரும் படித்த நூல்களின் பட்டியலும் இருக்கும். வாசிக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுத் தரும் இசை இயக்கம் வேறு எது?

தன்னாட்சிதான் இந்த இசையை உலகெங்கும் கொண்டுபோனது. வெற்றுக் கேசட் ஒன்றும் இரண்டு பதிவுக் கருவிகளும் போதும், எவரும் வெளியீட்டாளர் ஆகலாம். டோக்கியோவில் மசாமி அகிதா, மெர்ஸ்பௌ என்ற பெயரில் 1979 முதல் வீட்டிலேயே பதிந்து, நகலெடுத்த படங்களை உறையாக்கி, அஞ்சலில் உலகெங்கும் பரிமாறிக்கொண்டார். அமெரிக்காவில் சிகாகோவின் வாக்ஸ் டிராக்ஸ் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கி, பின்பு வெளியீட்டு நிறுவனமானது. அங்கிருந்து நடன அரங்குகளுக்கும், 1989இல் அமெரிக்கக் குழுவான நைன் இஞ்ச் நெய்ல்ஸின் முதல் தட்டோடு பெருந்திரளான ரசிகர்களுக்கும் போன கதை எல்லோரும் அறிந்தது. அது வேறொரு இழைக்குரிய பொருள்.


இரும்புச்செவி எழுதியது:

கையேட்டின் முன்னுரை எழுதப்பட்டது 1983இல். சம்மட்டியின் நாடா வளையம் சுழன்றது 1975இல். எழுதியவர் எந்த வரிசையில் அடுக்கினார் என்பதைவிட, எது முதலில் ஒலித்தது என்பதையே நான் எடுத்துக்கொள்வேன்.

கிறிஸ் வாட்சனைப் பாருங்கள். சிறுவனாக இருந்தபோது பெற்றோர் வாங்கித் தந்த பதிவுக் கருவியை வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்கு இரை வைக்கும் மேசையில் வைத்துவிட்டு, தாம் அருகில் இல்லாதபோது பறவைகள் என்ன ஒலி எழுப்புகின்றன என்று கேட்டவர். 1981இல் குழுவை விட்டு விலகித் தொலைக்காட்சி ஒலிப்பதிவாளர் ஆனார்; டேவிட் அட்டன்பரோவின் காட்டுயிர்த் தொடர்களுக்காக உலகமெங்கும் போய் ஒலி பதிந்தார். அவருக்கு நீராவிச் சம்மட்டியும் பறவையும் ஒன்றுதான்: காதுக்கு எட்டும் உலகம் முழுவதும் கவனிக்கத் தகுந்தது. விநியோகம், ஆண்டறிக்கை, செய்திமடல் என்ற எதுவும் அந்தக் காதை விளக்காது.


புதுக்காது எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று ஒரு வரிசை தர முடியுமா? ‘ஹாம்பர்கர் லேடி’யில் நேராக இறங்கத் துணிவில்லை.


தாழ்குரல் எழுதியது:

நான் சொல்கிறேன், மற்றவர்கள் திருத்தட்டும். முதலில் கேபரே வால்டேரின் ‘நாக் நாக் நாக்’, 1979. தாளம் உண்டு, வேகம் உண்டு, நசுக்கப்பட்ட குரலுக்குக் காது பழகிவிடும். அடுத்து த்ராபிங் கிரிஸில் அதே ஆண்டு வெளியிட்ட மூன்றாவது தட்டு. உறையில் பச்சைப் புல்வெளியில் நால்வரும் சிரித்தபடி நிற்பார்கள். அவர்கள் நிற்குமிடம் பலர் உயிரை மாய்த்துக்கொண்ட பீச்சி ஹெட் செங்குத்துப் பாறை. அதில் கோசி மெல்லிய குரலில் பேசிச் செல்லும் நடன மெட்டு ஒன்று உண்டு, அதைக் கேட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். மூன்றாவதாக நொய்பௌட்டன், ஆனால் பாலத்துப் பதிவுக்கு முன் 1985இல் வந்த ‘ஹால்பர் மென்ஷ்’. அதன் தலைப்புப் பாடலில் கருவியே இல்லை, மனிதக் குரல்களின் அடுக்கு மட்டும். பிறகு டெஸ்ட் டிபார்ட்மென்டும் சுரங்கத் தொழிலாளர்களும் சேர்ந்த தட்டு. இவ்வளவும் பிடித்திருந்தால் ‘ஹாம்பர்கர் லேடி’யைக் கேளுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், ஒலிபெருக்கியிலேயே கேளுங்கள். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம்.